கடலைமிட்டாயும் பதினான்காயிரம் ரூபாய்ப் பெட்டியும்

பெட்டியில் முதலில் உடைந்தது மூச்சுதான். அதாவது, மூச்சுப் பந்து. இழுத்தால் பூசணிக்காய் அளவுக்கு விரியும், அமுக்கினால் சாத்துக்குடி அளவுக்குச் சுருங்கும். பிளாஸ்டிக் கணுக்களைக் கோத்துச் செய்த பந்து. அது விரியும்போது பிள்ளைகள் மூச்சை இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஒருமுறையாவது விரித்துப் பார்க்காமல் விடுவார்களா? பதினெட்டாவது பையனின் கையில் ஒரு கணு ‘டக்’கென்றது. அவன் முகம் சுண்டிப்போனது. மன அமைதி வகுப்பில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை, அவனை அழாமல் பார்த்துக்கொண்டதுதான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டு நடுவே இருக்கும் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளிச் செயலர் சென்னைக்குப் போய்வந்தார். அங்கே ஒரு கல்விக் கண்காட்சியில் பார்த்ததாகச் சொல்லி, பிள்ளைகளுக்கு மன அமைதிப் பயிற்சி தரும் ‘வகுப்பறை மைண்ட்ஃபுல்னெஸ்’ பெட்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். விலை ரூ.14,800. ஆசிரியர்களுக்கான ஒருநாள் இணையவழிப் பயிற்சிக்குத் தனியாக ரூ.3,000. பணம் பழைய மாணவர் ஒருவருடைய நன்கொடை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் “வாங்கலாமா டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி மாளவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு பலரும் விற்கிறார்கள். நான் சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டிக்குள் இருந்தவை: மரக்குச்சியால் தட்டும் வெண்கலக் கிண்ணம் ஒன்று, மேலே சொன்ன பந்து, உணர்ச்சி முகங்கள் வரைந்த முப்பத்திரண்டு அட்டைகள், பயிற்சி அட்டைகள் ஒரு கட்டு, மாணவர் பயிற்சி ஏடுகள் முப்பது (எங்களுக்கு ஒன்று குறைந்தது), ஆசிரியர் கையேடு, இருபத்துநான்கு ஒலிப்பதிவுகள் அடங்கிய பென் டிரைவ். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அட்டைகளின் தரமும் நன்று. பிள்ளைகள் கையில் நான்கு மாதம் தாங்கின.

கையேட்டின் தமிழைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. அட்டையிலேயே பெரிய எழுத்தில் ‘பள்ளி நினைவாற்றல் பயிற்சி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மைண்ட்ஃபுல்னெஸ் என்பது இந்தக் கணத்தில் நடப்பதைக் கவனிப்பது. மூச்சாக இருக்கலாம், வெளியே கேட்கும் ஒலியாக இருக்கலாம், வயிற்றில் எழும் பயமாகவும் இருக்கலாம். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். நினைவாற்றலுக்கும் இதற்கும் என்ன உறவு? கணினி மொழிபெயர்ப்பு கொடுத்த சொல்லை யாரும் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். விளைவு, பெற்றோர் கூட்டத்தில் தெரிந்தது. “வாய்ப்பாடு மறக்காமல் இருக்குமா டீச்சர்?” என்று ஒரு பாட்டி கேட்டார். “வல்லாரை லேகியம் மாதிரி ஏதாவது கொடுப்பீர்களா?” என்று ஒரு தகப்பனார். இல்லை ஐயா, சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதற்கா சம்பளம் என்ற கேள்வி தெளிவாக இருந்தது.

உள்ளேயும் அப்படித்தான். பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாக மனதால் கவனித்து வரும் பயிற்சி ஒன்று உண்டு. அதை ‘உடலை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படியே வாசித்தேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து மிகவும் அக்கறையாகக் கேட்டாள்: “பாப்பா இருக்கிறதா என்று பார்ப்பதா டீச்சர்?” அன்றைய அமைதி அத்தோடு முடிந்தது.

கிண்ணத்துக்கு வருவோம். குச்சியால் தட்டினால் ஒலி எழுந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். அது முழுக்க அடங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். கேட்கவில்லை என்று தோன்றும் கணத்தில் கை தூக்க வேண்டும். முதல்நாள் தட்டியதும் பாதி வகுப்பு சன்னல் பக்கம் திரும்பியது, சோன்பப்டி வண்டி வந்துவிட்டதாக. ஆனால் இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டார்கள். பெட்டியிலேயே மிக நன்றாக வேலை செய்த பொருள் இதுதான். கை தூக்கும் நேரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். கடைசியாகத் தூக்குவதில் ஒரு போட்டி வரும், சிலர் வேண்டுமென்றே தாமதிப்பார்கள், அதெல்லாம் உண்டு. ஆனாலும், முப்பத்தொரு பிள்ளைகள் யாரும் அதட்டாமல் முக்கால் நிமிடம் ஓர் ஒலியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதைப் பத்தொன்பது ஆண்டுகளில் அன்றுதான் பார்த்தேன். சொல்லப்போனால், எங்கள் ஊரில் எந்தப் பாத்திரக்கடையிலும் இப்படி ஒரு கிண்ணம் கிடைக்கும். சத்துணவுக்கூடத்துத் தட்டைத் தட்டியும் பார்த்தேன். ஒலி சீக்கிரம் செத்துவிடுகிறது. வெண்கலம்தான் வேண்டும்.

ஒலிப்பதிவுகள் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னணியில் புல்லாங்குழல், முன்னணியில் தேன் தடவிய பெண்குரல். ‘உங்கள் அறையில், உங்கள் மென்மையான படுக்கையில் இருப்பதாக எண்ணுங்கள்’ என்கிறது ஒன்று. என் வகுப்பில் தனக்கென்று ஓர் அறை இருக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. ‘பனி படர்ந்த மலையடிவாரம்’ என்கிறது இன்னொன்று. கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் ஊரில், ஓடு வேய்ந்த வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு பனியை எங்கே போய் எண்ணுவது? படுத்துச் செய்யும் பயிற்சிகள் ஆறு இருக்கின்றன. பெஞ்சுக்கு மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காரும் அறையில் படுக்க இடமில்லை என்பது பதிவு செய்தவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் மின்சாரம் போய் ஸ்பீக்கர் அடங்கிய நாளில், அதே வரிகளை என் வாய்ச்சொல்லாகச் சொன்னேன். பனிமலைக்குப் பதில், ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையில் நிற்பது. பிள்ளைகள் தெரிந்த குரலுக்குத்தான் அடங்குகிறார்கள். பென் டிரைவை அன்றோடு எடுத்து வைத்துவிட்டேன்.

கடலைமிட்டாய் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சி உலகத்தில் மிகப் பெயர்பெற்றது, ஓர் உலர்திராட்சையை ஐந்து நிமிடம் தின்னும் பயிற்சி. பார்ப்பது, தொடுவது, முகர்வது, பிறகு நாக்கில் வைப்பது, கடைசியில்தான் கடிப்பது. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலிருந்து பரவியது. அவர் பௌத்த தியானத்திலிருந்து மதத்தைக் கழித்துவிட்டுச் செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டார். அவரிடம் வந்தவர்களில் தீராத வலியோடு அலைந்த பெரியவர்கள் நிறைய. கையேடும் உலர்திராட்சைதான் சொல்கிறது. கோவில்பட்டிக்காரி நான் திராட்சைக்கு எங்கே போவேன்? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் தெருமுனையில் கிடைக்கிறது. முப்பத்தொரு துண்டு வாங்கிப்போனேன்.

நால்வர் வாங்கிய வேகத்தில் விழுங்கிவிட்டு “அடுத்தது என்ன டீச்சர்?” என்றார்கள். மற்றவர்கள் மூக்கருகே வைத்தார்கள். வறுத்த கடலை, அப்புறம் வெல்லம், அப்புறம் லேசாக ஏலக்காய் என்று ஒருவன் வரிசையாகச் சொன்னான். கடிக்காமல் நாக்கில் வைத்திருந்தால் பாகு ஓரத்தில் கரைய ஆரம்பிப்பதை இன்னொருத்தி கண்டுபிடித்தாள். ஒரு பெண் மட்டும் முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டும் இடத்தில் வேலை செய்கிறார். “எனக்கு இந்த வாசனை பிடிக்காது டீச்சர். அம்மா சேலையில் தினமும் இதுதான்.” ஊரே இனிப்பு என்று நினைக்கும் பண்டம் அந்தப் பிள்ளைக்கு வேலை முடிந்து வரும் அம்மாவின் அலுப்பு. கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. ‘மகிழ்ச்சியான அனுபவத்தைப் பகிரச் சொல்லவும்’ என்றுதான் இருக்கிறது. நான் “சரி, பிடிக்கவில்லை என்பதையும் கவனித்துவிட்டாய், அவ்வளவுதான் பயிற்சி” என்றேன். பன்னிரண்டு வாரத்தில் நான் சரியாகச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தவறாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். கண்ணை மூடச் சொல்வது. எல்லாப் பயிற்சிகளும் ‘கண்களை மூடுங்கள்’ என்றே தொடங்குகின்றன. மூடாத பிள்ளையை ‘மென்மையாக வலியுறுத்தவும்’ என்று கையேடு சொல்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரு பெண் மூடமாட்டாள். நான் பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, மூடச் சொன்னேன். மூடினாள். சற்று நேரத்தில் அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன, பிறகு தோள், பிறகு எழுந்து வெளியே ஓடிவிட்டாள். காரணம் பின்னால் தெரிந்தது. அது அவளுடையது, இங்கே எழுதமாட்டேன். நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். “ஆறாவது வாரத்துக்குள் பழகிவிடும் மேடம், தொடர்ந்து செய்யுங்கள்” என்றார்கள். அன்றைக்கே பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை, ஆனால் விதியை மாற்றினேன்: என் வகுப்பில் யாரும் கண்ணை மூட வேண்டாம். பெஞ்சின் மேல் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும். விருப்பமில்லாதவர்கள் படம் வரையலாம். தன் இஷ்டத்தில் எட்டு வாரப் பயிற்சிக்கு வரும் பெரியவருக்கு வேண்டாம் என்றால் எழுந்து போகும் உரிமை உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. நாமாகத்தான் கொடுக்க வேண்டும்.

‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று கையேட்டின் மூன்றாம் பக்கம் சொல்கிறது. அதனால் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தியது; 85 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முடிவு 2022-ல் வெளியானது. மைண்ட்ஃபுல்னெஸ் கற்ற பிள்ளைகளின் மனநலம், அந்தப் பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் சமூக, உணர்ச்சித் திறன் வகுப்புகளில் இருந்த பிள்ளைகளின் மனநலத்தைவிட எந்த வகையிலும் மேம்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஏற்கெனவே மனச்சிக்கல் இருந்த பிள்ளைகளுக்கு இது ஒத்துவராமல் போகலாம் என்ற சந்தேகத்தையும் அந்த ஆய்வு எழுப்பியது. நடுங்கிய விரல்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்: ஆசிரியர்களின் பணிச்சோர்வு, கொஞ்சகாலத்துக்காவது, குறைந்ததாம்.

என் கதையும் அதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பிரம்பைக் கீழே வைத்தேன். குரலைக் கீழே வைக்கவில்லை. மதிய இடைவேளை முடிந்து ஏழாம் வகுப்புக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு நுழைவதுதான் என் வழக்கம். மாலையில் தொண்டைக்கு உப்புநீர் கொப்பளிப்பேன். கிண்ணத்தைத் தட்ட வேண்டியிருந்ததால், தட்டுவதற்கு முன் நான் வாயை மூட வேண்டியிருந்தது. ஒலி அடங்கும்வரை நானும் நிற்க வேண்டியிருந்தது. அந்த முக்கால் நிமிடத்தில், கத்த வேண்டும் என்ற வேகம் தானாக வடிந்துவிடுவதைப் பார்த்தேன். நான்காவது வாரத்தில் உப்புநீர் நின்றது. பிள்ளைகள் மாறினார்களா என்று தலைமையாசிரியர் சார் கேட்டார். தெரியவில்லை சார், நான் கொஞ்சம் மாறியிருக்கிறேன், அதனால் அவர்கள் மாறின மாதிரி தெரியலாம் என்றேன்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘காலை முதல் பாடவேளையே சிறந்தது’ என்கிறது கையேடு. எங்கள் ஊர்ப் பெற்றோரில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்கு விடிந்ததும் வேனில் கிளம்புகிறவர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையிலிருந்து எங்களைப் போன்ற கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அது ஐந்தாம் வகுப்புவரைதான். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் உண்டு. ஒன்பதரை மணிக்கு “வயிற்றைக் கவனியுங்கள்” என்றால், அது என்ன சொல்லும்? மூன்று பக்கமிருந்தும் உறுமல் கேட்டது, எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சியை மதியச் சத்துணவுக்கும் விளையாட்டுக்கும் பிறகு மாற்றிவிட்டேன். வியர்த்து, மூச்சிரைத்து உள்ளே வருகிறார்கள். அப்போது மூச்சைக் கவனிக்கச் சொன்னால் கவனிக்க அங்கே மூச்சு இருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் பிடிபட்டது. இந்தப் பெட்டி முதலில் அசையாதே என்கிறது, அசைவைக் கடைசியில் வைத்திருக்கிறது. தலைகீழ். என் மாமனார் மொட்டைமாடியில் நெடுநாள் செய்துவந்தது வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி. அது கைப்பயிற்சியில் தொடங்கும், கால், மூச்சு, கண் என்று போய், உடல் தளர்த்தலில்தான் முடியும். முதலில் உடம்பை ஆட்டி அலுக்கவைத்துவிட்டு அப்புறம் சும்மா இரு என்றால் பன்னிரண்டு வயதுப் பையனும் இருப்பான். நானும் மூன்று நிமிடம் கை, தோள், கழுத்து, பிறகு இரண்டு நிமிடம் மூச்சு என்று மாற்றிக்கொண்டேன். உடைந்த பந்துக்குப் பதில் விரல்: இடது கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு விரலாக வருடி ஏறும்போது மூச்சை இழு, இறங்கும்போது விடு. ஐந்து விரல், ஐந்து மூச்சு. கண் திறந்தே இருக்கும், பெஞ்சில் உட்கார்ந்தே செய்யலாம், உடையாது. தேர்வு அறை வாசலில் சில பிள்ளைகள் யாரும் சொல்லாமலே இதைச் செய்வதைக் காலாண்டுத் தேர்வின்போது பார்த்தேன். அதற்கு மேல் எந்தச் சாட்சியமும் என்னிடம் இல்லை.

சிரிப்புக்கு ஒன்று. பதினெட்டாம் எண் அட்டை, ‘மூளைச் சுறுசுறுப்புப் பயிற்சி’. படத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி கைகளை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறாள். அட்டையைக் காட்டியதும் வகுப்பு ஒரே குரலில் கேட்டது: “நாங்கள் என்ன தப்புச் செய்தோம் டீச்சர்?” நம் தோப்புக்கரணம்தான். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சூயி இதற்குச் ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்று பெயர் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்; இப்போது ஒரு சுற்று சுற்றி, ஜி.எஸ்.டி.யோடு எங்கள் பள்ளிக்கே வந்திருக்கிறது. பிள்ளையார் முன்னால் போட்டால் பக்தி, வாத்தியார் முன்னால் போட்டால் தண்டனை, அட்டையில் போட்டால் பயிற்சி. தண்டனையாகப் போட்டுப் போட்டு நாங்களே அதைக் கெடுத்துவைத்திருக்கிறோம் என்பதும் உண்மை. அட்டையை எடுத்துவிட்டேன்.

இதைவிடக் கோபம் வந்தது கடைசிப் பக்கத்து மதிப்பீட்டுத் தாளைப் பார்த்து. ‘மன அமைதி: பத்துக்கு எத்தனை?’ அமைதிக்கும் மதிப்பெண்ணாம். டெல்லி அரசு 2018 ஜூலையில் தலாய் லாமாவை அழைத்துத் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை தினமும் ஒரு பாடவேளை ஒதுக்கினார்கள். தேர்வும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. அந்த ஒரு விஷயத்தையாவது இவர்கள் பார்த்து எழுதியிருக்கலாம். முப்பது ஏட்டிலும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, பின்புறத்தைக் கணக்குப் போடக் கொடுத்தேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்கு: இரண்டு. ஒன்று கிண்ணத்துக்கு, ஒன்று முக அட்டைகளுக்கு. பயிற்சி நாளுக்குச் சுழியம். பெங்களூரிலிருந்து பேசியவர் நல்லவர்தான், ஆனால் ஆறு மணி நேரத்தில் ஒருமுறைகூட உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு வெண்கலக் கிண்ணம் வாங்குங்கள், மீதியில் பிள்ளைகளுக்குக் காலையில் ஏதாவது தின்னக் கொடுங்கள். வகுப்பு ஆசிரியருக்கே இதில் நம்பிக்கை இல்லையென்றால் எதையும் வாங்க வேண்டாம். செயலர் வாங்கித் தந்துவிட்டார் என்பதற்காக நடத்தும் அமைதி வகுப்பில் அமைதிகாக்கும் வேலை முழுக்கப் பிள்ளைகள் தலையில் விழும்.

இந்த ஆண்டுக்குப் புதிய பயிற்சி ஏடுகள் வேண்டுமா, ஒன்று ரூ.95 என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. செயலர் என்னைக் கேட்டார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முக அட்டைகள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டன. அங்கே டீச்சர் அவற்றை வைத்துக் கதை சொல்லவைக்கிறார். கிண்ணம் என் மேசையில் இருக்கிறது. பந்துக்கு மாற்றுக் கணு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஏழு மாதமாகிறது.